வாளிப் படை

கேர்ன்ஸ்போர்ட்
ஜூன் 9, 1974

அன்புள்ள வெரோனா அக்காவுக்கு,

எமில் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேருந்தில் மடங்கி உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றபடி சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது?

கிளம்பிய காலையில் நீ வாசல்வரை வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தாய். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, வாழ்த்து என்று எடுத்துக்கொள்வதா என்று ஓஹையோ எல்லைவரை யோசித்தேன். பிறகு பசித்தது.

மைதானம் ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. புது அமெரிக்கக் கால்பந்து லீக்கில் சேர்ந்திருக்கும் ஊர்களில் இதுதான் சின்னது. பெரிய லீக்கில் ஆடி முடித்து வெளியே தள்ளப்பட்டவர்கள், பெரிய லீக்கின் கண்ணிலேயே படாதவர்கள், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை ஆலை அணியில் ஆடிவிட்டு இன்னும் ஆசை விடாதவர்கள் எல்லாரும் தேர்வுக்கு வந்து குவிந்திருக்கிறோம். பாதிரியார்கள் படித்து மூடிப்போன ஒரு குருமடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். என் அறையில் லூஷியஸ் கிரேடி என்று ஒரு லூசியானாக்காரன். கதவுக்குள் வருவதற்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் வர வேண்டும், அவ்வளவு அகலம். ஆனால் பேச்சு மட்டும் பூனைக்குட்டி நடப்பது போல.

அணிக்கு எம்பரர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேரரசர்கள்! ஊதாச் சட்டை, தலைக்கவசத்தில் தங்க நிறக் கிரீடம். முதலாளி கெண்ட்ரிக் மரச்சாமான் வியாபாரி. அவர் கடையில் விற்கும் விலை உயர்ந்த மெத்தைக்கும் இதே பெயர்தானாம். ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? கடைத்தெருவில் எங்களைப் பார்த்தால், "மெத்தைப் பசங்க வராங்கடா, தலையணை கொண்டாங்க" என்கிறார்கள்.

ஆலை ஃபோர்மேன் செப்டம்பர் முதல் வாரம்வரை என் வேலையை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒன்று தெரிந்துவிடும். முழங்கால் நன்றாகவே இருக்கிறது, கேட்காதே.

அன்புத் தம்பி,
எமில்


ஜான்ஸ்டவுன்
ஜூன் 20, 1974

அன்புள்ள எமிலுக்கு,

உன் அக்கா எழுதுவது. இருமல் போய்விட்டது, போகும்போது அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. நீ சுகம் என்று எழுதியதைப் பாதி நம்புகிறேன்.

பொட்டலம் திட்டுதான். வாழ்த்து அதற்குள் இருந்தது, நீ தின்றுவிட்டாய்.

முப்பத்தொரு வயதில் ஒருவன் நல்ல எஃகு ஆலை வேலையை விட்டுவிட்டு, குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கப் போயிருக்கிறான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஃபாதர் யூரிக் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொல்லிவிட்டார். "நம்ம தேவாலயப் பங்குப் பையன் இப்ப தொழில்முறை ஆட்டக்காரன்" என்றார். நோயாளிகளுக்கான ஜெபத்தை அடுத்து உனக்காக ஒரு ஜெபம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலைத்துணியைச் சரிசெய்வது போல் இருந்தேன்.

ரொட்டி வண்டி ஓட்டும் ஷிம்கோ உன்னைக் கேட்டார். நேற்றைய ரொட்டி மிஞ்சினால் நம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். நான் கேட்டு அல்ல.

முழங்காலில் இரவு ஆட்டுக்கொழுப்புத் தடவு. அம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆசிகளுடன்,
வெரோனா


கேர்ன்ஸ்போர்ட்
ஜூலை 8, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

எழுத நேரமே கிடைக்கவில்லை. விடிந்தால் மைதானம், அடைந்தால் மைதானம். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. இரண்டிலும் பார்வையாளர் வரிசைகளில் புறாக்கள்தான் அதிகம். கெண்ட்ரிக் தன் மெத்தைக்கடை ஆட்களுக்கு இலவசமாக டிக்கெட் கொடுத்தும் பாதிப் பேர் வரவில்லை. லூஷியஸ் நன்றாக ஆடுகிறான். அவனைத் தாண்டிப் போக ஒருவனுக்கும் வழியில்லை. பயிற்சியாளரின் பெயர் போல்; அவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இப்போது பிள்ளைகள் வைத்திருக்கும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ஃபாதரிடம் என் வணக்கத்தைச் சொல். இனிமேல் ஜெபத்தில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்.

தம்பி,
எமில்


ஜான்ஸ்டவுன்
ஜூலை 19, 1974

அன்புள்ள எமிலுக்கு,

நான் நலம். உன்னைப் பற்றி மூன்றே வரிதான் எழுதியிருக்கிறாய். அதை மடித்து ஸ்டாம்பு ஒட்டத்தான் அதிக நேரம் ஆகியிருக்கும்.

ஒரு செய்தி. செப்டம்பர் 21ஆம் தேதி ஆட்டத்துக்கு நம் பங்கிலிருந்து ஒரு பேருந்து வருகிறது. என் யோசனை இல்லை. எதிர்வீட்டுத் திருமதி பலாஷ் ஆரம்பித்தாள். உன் பேரைச் சொன்னதும் ஆள் மேல் ஆள் சேர்ந்துவிட்டது. நீ ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். ஓட்டுநர் வேறு யாரும் கிடைக்காததால் ஷிம்கோ ஓட்டுகிறார்.

உன் சட்டையில் என்ன எண் என்று எழுது. பெண்கள் பதாகை தைக்கிறார்கள். எண் இல்லாமல் துணியை வெட்ட முடியாதாம்.

ஃபோர்மேன் தெருவில் பார்த்து, "தம்பி வருவானா, மாட்டானா?" என்று கேட்டார். உன்னிடமே கேட்கச் சொன்னேன்.

ஆசிகளுடன்,
வெரோனா


கேர்ன்ஸ்போர்ட்
ஆகஸ்ட் 14, 1974

அன்புள்ள வெரோனா அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்திவிட்டேன். மன்னித்துவிடு. உடம்பு சுகம். கைகள் மட்டும் கொப்புளம். ஏன் என்று சொல்கிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

மேலே மலையில் கொட்டிய மழைக்குச் சென்ற வாரம் ஆறு ஏறி உள்ளே வந்துவிட்டது. வெள்ளத்தைப் பற்றி ஜான்ஸ்டவுன்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆற்றோரத் தெருக்களில் வீடுகளின் நிலவறைகள் நீரால் நிரம்பின. மைதானம் குளமாகிவிட்டது. பறவைகள் வந்து இறங்கின. வடிகால் முழுக்கச் சேறு. தீயணைப்பு நிலையத்தின் பம்புகள் எல்லாம் வீடுகளுக்குப் போய்விட்டன, அதுதான் நியாயமும்.

சனிக்கிழமை ஃபோர்ட் ரேமண்ட் அணியோடு ஆட்டம். வியாழன் காலை கெண்ட்ரிக்கிடமிருந்து தந்தி. ஆட்டத்தை உள்ளூரில் நடத்த முடியாவிட்டால் அணியை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ள லீக் விதியில் இடம் உண்டாம். தெற்கே ஒரு பெரிய நகரம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆறு அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. மூட்டை கட்டத் தயாராக இருங்கள் என்று தந்தி சொன்னது. போல் அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 

லூஷியஸ் எழுந்தான். அவன் குரலை உயர்த்தவில்லை.

"நான் மூணு ஊரு மாறிட்டேன். இன்னொரு ஊருக்கு மூட்டை கட்ட என்னால ஆவாது. வாளி எங்க இருக்கு?"

ஒருவன் சிரித்தான். லூஷியஸ் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

தீயணைப்பு நிலையத்தில் பழைய தோல் வாளிகள் காட்சிக்குத் தொங்கின, அவற்றைக் கழற்றினோம். பிறகு பால்காரர் வாளி, தேவாலயத்துத் துடைப்ப வாளி, மருத்துவமனை வாளி. மைதானத்தின் நடுவிலிருந்து ஆற்றங்கரை மேடுவரை வரிசையாக நின்று கைமாற்றினோம். முதலில் ஆட்டக்காரர்கள் மட்டும். நண்பகலுக்குள் மதுக்கடை காலியாகி எல்லாரும் வரிசையில். வீட்டு நிலவறை காய்ந்தவர்கள் தங்கள் வாளியோடு வந்தார்கள். எங்களை மெத்தைப் பசங்க என்று கூப்பிட்ட பார்பர் என் பக்கத்தில் நின்றார். "தலையணை கொண்டாரலாம்னு பாத்தேன், நனைஞ்சிரும்னு விட்டுட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை மாலை புல் தெரிந்தது. புல் என்று சொல்வது மரியாதைக்கு, சேறுதான்.

சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. இரண்டு பக்கமும் சட்டை நிறம் தெரியவில்லை. யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று நடுவருக்கே தெரியவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சேறு பழகிப்போயிருந்தது, அவர்களுக்குப் புதிது. ஜெயித்தோம் அக்கா. முதல் வெற்றி. வேலை செய்தவர்கள் வாளியோடேயே வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கிடைத்த கட்டையால் வாளியைத் தட்டித் தட்டி என் காது இன்னும் அடைத்திருக்கிறது.

மறுநாள் ஃபோர்ட் ரேமண்ட் பத்திரிகை எரிச்சலில் எழுதியது: "நம் பையன்கள் எந்தப் பேரரசரிடமும் தோற்கவில்லை. ஒரு வாளிப் படையிடம் தோற்றார்கள்." அதை வெட்டி பார்பர் தன் கண்ணாடியில் ஒட்டினார். திங்கட்கிழமை முதல் எங்களை மெத்தை என்று கூப்பிட ஊரில் ஆள் இல்லை.

கெண்ட்ரிக்கால் அணியை மாற்ற முடியவில்லை. தந்திக்கு நாங்கள் பதில் அனுப்பவில்லை.

அன்புடன்,
எமில்


ஜான்ஸ்டவுன்
ஆகஸ்ட் 22, 1974

அன்புள்ள எமிலுக்கு,

நான் சுகம். கொப்புளத்தை உடைக்காதே, தானாக ஆறட்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒருமுறை ஷிம்கோவுக்கு வாசித்தும் காட்டினேன், பார்பர் சொன்னதற்கு நன்றாகச் சிரித்தார். வரிசையில் நீ நிற்கிறாய், பார்பர் உன் பக்கத்தில் நிற்கிறார். வியாழனும் வெள்ளியும் நீ இருக்கிறாய். சனிக்கிழமை "எங்கள் ஆட்கள்" ஆடுகிறார்கள். நீ எங்கே இருந்தாய்?

எனக்குத் தெரியும் எமில். வீலிங் பக்கம் லாரி ஓட்டும் ஒருவர் மூலம் ஷிம்கோ உங்கள் ஊர்ப் பத்திரிகையை வாங்கிவந்தார். உன் எண் என்ன என்று பார்க்கத்தான். அணியில் எல்லார் பெயரும் இருந்தது. நம் குடும்பப் பெயர் ஹ்ரின்கோ மட்டும் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தேன், பிறகு கீழிருந்து மேலே பார்த்தேன். ஷிம்கோ தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது ஜூலையில்.

எண் கேட்டு எழுதினால் நீயே சொல்வாய் என்று நினைத்தேன். பெண்கள் துணியை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஃபோர்மேன் கெடு இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது. வருவதானால் வா, இருப்பதானால் இரு. எதுவானாலும் உள்ளதை எழுது.

அக்கா,
வெரோனா


கேர்ன்ஸ்போர்ட்
ஆகஸ்ட் 30, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான். அது பொய்யில்லை.

ஜூன் மாதம் முடியும் முன்பே என்னைக் கழித்துவிட்டார்கள். போல் தனியாகக் கூப்பிட்டு, "மனசு இருக்கு எமில், முழங்கால் இல்ல. நானும் இப்படித்தான் ஒரு நாள் வீட்டுக்குப் போனேன்" என்றார். நல்ல மனிதர். பிறகு, மைதானத்துக் கோடு போடுகிறவன் நின்றுவிட்டான், ஊர் திரும்பும்வரை அந்த வேலையைப் பார்க்கிறாயா என்று கேட்டார். சரி என்றேன். சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுகிறேன், கம்பங்களுக்கு வண்ணம் அடிக்கிறேன், தலைக்கவசங்களைத் துடைக்கிறேன். விடிந்தால் மைதானம், அடைந்தால் மைதானம் என்று எழுதியது அதைத்தான்.

அப்பவே சொன்னேனே என்று நீ எழுதுவாய் என்று பயப்படவில்லை. அப்படி எழுதாமல் இருந்துவிடுவாயே என்றுதான் பயம். நான் பேருந்து ஏறிய நாளில் நீ காட்டிய அந்த மௌனம் எனக்குத் தாங்காது.

ஆனால் அந்த வாளி வரிசையில் யாரும் யாரிடமும் எண் கேட்கவில்லை. ஆட்டத்தின்போது நான் கோட்டுக்கு வெளியே சுண்ணாம்புச் சட்டியோடு நின்றேன். சேற்றில் கோடு நிமிடத்துக்கு ஒரு முறை அழிந்தது, நான் ஓடி ஓடிப் போட்டேன். அதைப் பார்த்து ஊர் கைதட்டியது. கேலிக்குத்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

பெயர்த் தகராறு இப்போது முற்றிவிட்டது. ஆட்டக்காரர்கள் கிரீடத்தை அழித்துவிட்டு வாளி வரையச் சொன்னார்கள். வண்ணம் என்னிடம் இருந்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாத் தலைக்கவசத்திலும் வரைந்தேன். முதலில் வரைந்தவை காபிக் கோப்பை மாதிரி இருக்கின்றன. போகப் போகக் கை பழகியது. கெண்ட்ரிக் பார்த்துவிட்டு முகம் ஊதாவாகி, "என் அணிக்கு நான்தான் பேர் வெப்பேன்" என்றார். லூஷியஸ், "வெச்சீங்க சார். யாரும் கூப்பிடல" என்றான். அன்று மாலையே மைதான வாசலில் பலகை தொங்கியது: வாளி கொண்டுவரத் தடை.

ஃபோர்மேனிடம் நீயே சொல்லிவிடு. நான் சீசன் முடியும்வரை இங்கே இருக்கிறேன். பிறகு என்ன என்று தெரியாது. தயவுசெய்து பேருந்தை நிறுத்திவிடு. நான் கோடு போடுவதைப் பார்க்க அவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

எமில்


ஜான்ஸ்டவுன்
செப்டம்பர் 10, 1974

அன்புள்ள எமிலுக்கு,

சுகம். ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு, "நல்ல பையன், போகட்டும்" என்றார்.

பேருந்தை நிறுத்தவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து நானே சொன்னேன். எமிலை அணியில் எடுக்கவில்லை, அவன் மைதானத்துக்குக் கோடு போடுகிறான், யாருக்கு வர விருப்பமில்லையோ இப்போதே சொல்லிவிடலாம் என்றேன்.   திருமதி பலாஷ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஆடலைன்னா என்ன, அங்க இருக்கான்ல?"

"இருக்கான்."

"அப்ப என்ன. போய்ப் பாத்துட்டு வருவோம்."

மேல்தெரு கிழவர் ஒருவர் மட்டும் வரவில்லை என்றார். அவருக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாதாம்.

முப்பத்தாறாம் வருட வெள்ளத்தில் இந்த மண்டபத்திலிருந்து சேற்றை அள்ளிய வரிசையில் அப்பா நின்றார் என்று ஃபாதர் சொன்னார். எனக்கு அப்போது மூன்று வயது, எனக்கு நினைவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

வாளிக்குத் தடை என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை சந்திப்போம்.

அக்கா,
வெரோனா


ஜான்ஸ்டவுன்
செப்டம்பர் 24, 1974

அன்புள்ள எமிலுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீ இளைத்திருக்கிறாய். அதை அங்கேயே சொல்லியிருப்பேன், கூட்டத்தில் உன்னோடு பத்து வார்த்தை பேச விடவில்லை.

நீ உள்ளே இருந்ததால் வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. காவலாளி பேருந்திலிருந்து இறங்கிய எங்களைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினான். ஆளுக்கு ஒரு வாளி. மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"வாளி உள்ள போகக்கூடாதும்மா."

திருமதி பலாஷ் துணியை அவிழ்த்தாள். உள்ளே முட்டைக்கோசு இலையில் சுருட்டிய இறைச்சி, வாசனை தூக்கியது.

"இது வாளி இல்ல தம்பி. சாப்பாடு."

"பாத்திரத்துல கொண்டாரலாமே?"

"இத்தனை பேருக்கு எங்க ஊர்ல வேற பாத்திரம் கிடையாது. நீ சாப்டியா?"

அவன் சாப்பிட்டிருக்கவில்லை. இன்னொரு காவலாளியும் சாப்பிட்டிருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அந்த ஊரே வாளியில் சமைக்கும் என்று நினைக்கிறேன். இடைவேளைக்குள் வாளிகள் காலி. அதற்குப் பிறகு நடந்ததை நீயே கேட்டாய். ஃபாதர் யூரிக் வாளியைப் புனித வெள்ளியன்று மணிக்குப் பதிலாகத் தட்டும் மரச்சட்டம் போலத் தட்டினார்.

பதாகையில் எண்ணுக்குப் பதில் உன் சுண்ணாம்பு வண்டியைத் தைத்திருந்தார்கள். நீ அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு, நேராக இருந்த கோட்டையே மறுபடி போட்டாய். கவனித்தேன்.

திரும்பும் வழியில் பேருந்து ஒரு காபிக் கடையில் நின்றது. காபி நன்றாக இல்லை. வேறொன்றும் விசேஷமில்லை.

அக்கா,
வெரோனா


கேர்ன்ஸ்போர்ட்
அக்டோபர் 3, 1974

அன்புள்ள வெரோனா அக்காவுக்கு,

நலம். நீயும் பங்கில் எல்லாரும் நலமா? காவலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா மறுபடி எப்போது வருவார் என்று கேட்கிறான்.

சொன்னால் நீ நம்பமாட்டாய், நான் ஆடிவிட்டேன். நீங்கள் வந்த சனிக்கிழமை இல்லை, அதற்கு அடுத்ததில். உங்களில் ஒருவர்கூட இல்லாதபோது! உதைக்கும் ஆட்டக்காரனுக்குப் பந்தைப் பின்னால் கொடுக்கிறவனுக்கு வெள்ளிக்கிழமை விரல் முறிந்துவிட்டது. அதற்கு ஓட வேண்டாம், குனிந்து கொடுத்தால் போதும். போல் என்னைச் சுண்ணாம்பு வண்டியிலிருந்து கூப்பிட்டு, "முழங்காலைக் கேக்கல. கை இருக்கா?" என்றார்.

மிஞ்சியிருந்த ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். முதல் பந்தை எவ்வளவு ஆசையோடு கொடுத்தேன் என்றால், அது உதைப்பவன் தலைக்கு மேலே பறந்து, என் கைப்பட வண்ணம் அடித்த கம்பத்தில் போய் மோதியது. பந்து எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டியதால் இரண்டு புள்ளிகள் எதிரணிக்கு. மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அப்போது மேலே எங்கேயோ ஒரு வாளி மெல்லத் தட்டியது. பிறகு இன்னொன்று. லூஷியஸ் என் தலைக்கவசத்தைப் பிடித்துத் திருப்பி, "ஒரு வாளி சிந்திருச்சு. அடுத்ததை எடு" என்றான்.

அதன் பிறகு கொடுத்தவை எல்லாம் சரியாகப் போயின. தோற்றோம், ஆனால் என்னால் இல்லை. சீசன் முடியும்வரை அந்த இடம் எனக்கே என்று போல் சொல்லிவிட்டார். கோடு போடுவதும் என் வேலைதான். காலையில் போட்ட கோட்டை மதியம் நானே மிதிக்கிறேன்.

ஷிம்கோ அன்று ஆட்டம் முழுக்க உன் மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். பெஞ்சில் இடம் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தம்பி,
எமில்


கேர்ன்ஸ்போர்ட்
நவம்பர் 24, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து அக்டோபர் முழுக்க ஒரு வரியும் இல்லை. இருமல் திரும்பியதோ என்று கவலைப்பட்டு ஃபாதருக்குத் தொலைபேசினேன். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு எதையும் சொல்லமாட்டேன் என்றார்.

இங்கே எல்லாம் முடிந்தது. கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் லீக் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: அடுத்த ஆண்டு லீக் இல்லை. போல் எங்களிடம் படித்துக் காட்டிவிட்டு, ஆட வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். யாரும் எழுந்து போகவில்லை. நுழைவாயிலில் விற்ற ஆட்டத்தாளில் அச்சகக்காரர் தன் பொறுப்பில் "கேர்ன்ஸ்போர்ட் வாளிப் படை" என்றே அடித்துவிட்டார். வரிசைகளில் ஒரு புறாவுக்கும் இடமில்லை. ஜெயித்தோம். முடிந்ததும் மக்கள் இறங்கி மைதானத்துக்குள் வந்தார்கள், என் கோடுகளை எல்லாம் மிதித்துக்கொண்டு. நான் தடுக்கவில்லை.

கெண்ட்ரிக் தெற்கே போகிறார். எம்பரர்ஸ் என்ற பெயர் சட்டப்படி தனக்கே சொந்தம் என்று நகரசபைக்கு எழுதினாராம். எடுத்துக்கொண்டு போகட்டும், மெத்தைக்கு ஆகும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். இன்னொன்று: இங்கே உயர்நிலைப் பள்ளி அணி வெகு காலமாகப் பெயரில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளே கூடி வாக்களித்து வாளிப் படை என்று வைத்துக்கொண்டார்கள். போல் அவர்களுக்குப் பயிற்சியாளர். லூஷியஸைக் கனடாவிலிருந்து ஒரு நல்ல அணி கூப்பிட்டிருக்கிறது. "நாலாவது ஊர் வேணாம்னு சொன்னியே" என்றேன். "இது ஊர் இல்லடா, தேசம்" என்றான். நேற்று பேருந்து நிலையத்தில் என்னைத் தூக்கியே விட்டான், முழங்கால் உட்பட.

நான் திரும்பி வரவில்லை அக்கா. மைதானத்தை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள நகரசபை என்னை எடுத்துக்கொண்டது. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குனிந்து பந்து கொடுக்கச் சொல்லித்தருகிறேன். பார்பர் கடைக்கு மேலே அறை. எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. என் அறையை எனக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டாம். அம்மா போனதிலிருந்து எனக்காகவே அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டாய். போதும்.

இப்போது நான் கேட்கிறேன், நீ எனக்கு எண் கேட்டது போல. எதை எழுதாமல் விட்டிருக்கிறாய்? உள்ளதை எழுது.

அன்புத் தம்பி,
எமில்


ஜான்ஸ்டவுன்
டிசம்பர் 4, 1974

அன்புள்ள எமிலுக்கு,

சுகம். இவ்வளவு சுகமாக இருந்து வெகு காலம் ஆகிறது.

அந்தக் காபிக் கடையில் காபி நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் உள்ளே இருந்தபோது ஷிம்கோ என்னைப் பேருந்தின் பக்கத்தில் நிறுத்தி, ஏதோ கேட்க ஆரம்பித்தார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கையை உயர்த்தி, "இப்ப கேக்காதீங்க. என் தம்பி எங்க நிக்கிறான்னு தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இரண்டரை மாதம் தினமும் வந்து வணக்கம் சொன்னார். கேட்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அது ஒன்றுதான் எழுத வந்தது. எழுதினால் நீ எனக்காக அங்கேயே இருந்துவிடுவாய், அல்லது எனக்காகவே திரும்பி வந்துவிடுவாய். இரண்டும் வேண்டாம் என்று பேனாவை மூடிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். பனி பெய்துகொண்டிருந்தது, உள்ளே போகத் தோன்றவில்லை. வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி, என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"எமிலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அவன் இடத்துல அவன் நிக்கிறான்" என்றேன். "இப்ப கேளுங்க."

கேட்டார். நாற்பத்தெட்டு வயது மனிதர், வார்த்தை குழறியது. திருமதி பலாஷ் எதிர் ஜன்னலைத் திறந்து, "சத்தமா கேளுப்பா, எங்களுக்கு விழல" என்றாள். சத்தமாகக் கேட்டார்.

கல்யாணம் பிப்ரவரி எட்டாம் தேதி, தவக்காலம் தொடங்கும் முன். அப்பா இடத்தில் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக நீ வர வேண்டும். போலிடமும் பார்பரிடமும் நான் கூப்பிட்டதாகச் சொல். லூஷியஸின் கனடா முகவரியை அனுப்பு; தேவாலயக் கதவு அகலமானது, பக்கவாட்டில் வரத் தேவையிருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். கோடுகளை நேராகப் போடு.

ஹ்ரின்கோ என்ற பெயரில் இன்னும் ஓரிரு கடிதங்களே எழுதப்போகும்,
உன் அக்கா,
வெரோனா